கதவுக்குப் பின்னால் நின்ற குழாய்

என் அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைப் பாராட்டினாலும், "நிஜமாவா?" என்று கேட்பாள். மருந்துக்கடையில் நிற்கும்போது யாராவது வந்து, "நீங்க குடுத்த களிம்புல புண் ஆறிடுச்சும்மா" என்று சொன்னால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? மாட்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நிஜமாவா? காட்டுங்க" என்பாள். பார்த்த பிறகுதான் அடுத்த ஆளைக் கவனிப்பாள். கடைக்கு வருகிறவர்கள் அதை அக்கறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அக்கறையாவது ஒன்றாவது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கொண்டுவந்தவளையும் தெரியும். அவளைப் பற்றி நல்லபடியாகப் பேச எனக்கு இன்னும் நாக்கு வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

அப்பா போனபோது அக்கா பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். நான் சின்னவள். அவள் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், நான் படித்தேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. கடையின் பின்வாசலில் காலி மருந்து டப்பாக்களில் ஏதாவது முளைக்கப்போட்டுக்கொண்டே இருப்பாள். ஒரே விதை, ஒரே வெயில், ஒரு டப்பாவில் தளதளவென்று வரும், பக்கத்து டப்பாவில் சவலையாக நிற்கும். அது ஏன் என்பது அவளைத் தூங்கவிடாத கேள்வி. எனக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்த வாரம், சாப்பிட உட்கார்ந்தபோது, "இனி என் முறை. நான் படிக்கப் போறேன்" என்றாள்.

"மருந்துப் படிப்பா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. செடியும் மண்ணும்."

"மண்ணுல படிக்கறதுக்கு என்னடி இருக்கு?"

"அதைத்தான் படிக்கப் போறேன்."

பெரியப்பாவுக்குச் செய்தி போனது. "இத்தனை வயசுக்கு மேல படிப்பாம், மண்ணாங்கட்டியாம்" என்றார். அன்றிலிருந்து அக்காவுக்கு வீட்டில் பெயரே மண்ணாங்கட்டி. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. மாலையில் வாசலில் நின்று, "மண்ணாங்கட்டி வந்திருக்கேன், கதவைத் திற" என்று குரல் கொடுப்பாள். நகக்கண்ணில் மண் இருக்கும். தன்னைவிட எவ்வளவோ சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பட்டம் வாங்கினாள், மேற்பட்டமும் வாங்கினாள். அதற்குப் பிறகு ஆராய்ச்சி. அங்கேதான் ஒரு முடிச்சு இருந்தது. துறையில் அவளை ஒரு பருவத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முதல் சோதனையில் ஏதாவது தேறினால் முழு ஆராய்ச்சி இடம். தேறாவிட்டால் அவள் வயதுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது, திரும்பவும் மருந்துக்கடைதான்.

அதே நிபந்தனையில், தனக்கென்று ஒரு மண் சோதனையோடு, அதே பருவத்தில் சேர்ந்த இன்னொருத்திக்குத் துறையில் சல்லடை என்று பெயர். மண்ணை உலர்த்தி, கட்டி உடைத்து, சலித்து எடுப்பதில் அவளை அடிக்க ஆள் இல்லை. பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எதைச் சொன்னாலும் அவள் மனதில் தங்காது, அந்தப் பக்கம் ஒழுகிவிடும். அக்காவைவிட வயதில் சின்னவள். அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். விடுமுறை நாளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா எனக்கு முன்னால் அவளுக்குப் பரிமாறுவாள். பொறாமை இல்லை, சும்மா சொல்கிறேன். ஆனால் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அக்காவின் சோதனை பயறுச்செடிகளைப் பற்றியது. மழை இல்லாமல் போனால் எந்த வகைப் பயறு தாக்குப்பிடிக்கும், ஏன் தாக்குப்பிடிக்கும் என்பது கேள்வி. இடுப்பளவு உயரப் பிளாஸ்டிக் குழாய்களை நிறுத்தி, உள்ளே பாலிதீன் உறை போட்டு, சலித்த மண்ணை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு செடி. முதலில் அடிவரை நனையும்படி ஒரே ஒரு முறை தண்ணீர். செடி ஊன்றிய பிறகு நிறுத்திவிட வேண்டும், சொட்டுக்கூட கிடையாது. மேல்மண் காயும், ஈரம் அடியில் மட்டும் மிஞ்சும். எந்தச் செடி வேரை அடிவரை அனுப்புகிறதோ அது பிழைக்கும். கடைசியில் உறையை உருவிப் பிளந்து, மண்ணைக் கழுவி, வேர் எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

அக்கா நம்பியது ஒரு வகையை மட்டும். விதையின் ஓரத்தில் மை வைத்தாற்போல் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அதனால் துறையில் அதற்குக் கருமூக்கு என்று பெயர். முளைவிடும்போதே அதன் ஆணிவேர் மற்றவற்றைவிடத் தடியாக இருந்ததைக் கவனித்துவிட்டு, "இதுதான் நிக்கும்" என்று பேராசிரியரிடம் ஒற்றைக்காலில் நின்றாள். அவர் சிரித்தபடி, "நிக்கட்டும், பாக்கலாம்" என்றார்.

தண்ணீர் கூடியிருக்கிறதா என்று எடை போட்டுப் பார்க்க முடியாத அளவுக்குக் கனமான குழாய்கள். மண்ணின் மேலே, ஈரம் ஆவியாகாமல் இருக்க, வெள்ளைச் சரளைக்கல் பரப்பியிருக்கும். யாராவது கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் கல்லுக்கு அடியில் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. ஆக எல்லாமே நம்பிக்கை. அந்தக் குழாய்கள் நின்ற கண்ணாடிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் நிறுத்திய நாளிலிருந்து யாரும் குடிக்கிற தண்ணீர்ப் புட்டியைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பேராசிரியரும் அப்படித்தான். நான் முதல்முறை போனபோது பையில் புட்டியோடு நுழைந்துவிட்டேன். சல்லடை பதறிப்போய் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"சின்னவளே, இங்க அது கொலைக்குற்றம்" என்றாள். அவளேதான் சொன்னாள்.

எல்லாக் குழாயும் நிரம்பிய பிறகு ஒரு குழாய் அளவுக்கு மண் மிஞ்சியது, நாலைந்து கருமூக்கு விதையும் மிஞ்சியது. வீணாக்க மனம் வராமல் அக்கா இன்னொரு குழாயை நிரப்பி, விதை ஊன்றி, மற்றவற்றைப்போல ஒரே ஒரு முறை தண்ணீர் விட்டாள். வரிசையில் இடமில்லை. கதவுக்குப் பின்னால், உடைந்த தட்டுகள் அடுக்கியிருந்த மூலையில் நிறுத்தினாள். கணக்கில் சேராததால் அதற்குப் பெயர்ச்சீட்டும் கட்டவில்லை. "ஒப்புக்குச் சப்பாணி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். கதவைத் திறந்தால் அது மறைந்துவிடும். எல்லாரும் அதை மறந்தும் போனார்கள்.

தண்ணீர் நிறுத்திய சில வாரங்களில் எல்லாச் செடிகளும் தலையைத் தொங்கப்போட்டன. கருமூக்கும்தான். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் ஆய்வகத்தில் கைகழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதிருக்கிறாள். சல்லடை பார்த்துவிட்டாள். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து என் குடல்வால் வீங்கித் தொலைத்தது. அறுவை சிகிச்சை. அம்மாவுக்கு மருத்துவமனை வாசனையே ஆகாது, ஆகவே அக்காதான் என்னோடு இருந்தாள். சல்லடை என் படுக்கைக்கே வந்து, கண்ணாடிக்கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க தங்கச்சியைப் பாருங்க அக்கா. செடிங்களை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பார்த்துக்கொண்டாள்.

அக்கா திரும்பிப் போன அன்று மாலை, "மண்ணாங்கட்டி வந்திருக்கேன்" என்று சொல்லாமலே கதவைத் தட்டினாள். திறந்தால் முகமெல்லாம் பல். மற்ற வகைகள் கருகிக்கொண்டிருக்கின்றன, கருமூக்கு மட்டும் எல்லா வரிசையிலும் இலை விரித்து நிற்கிறது என்றாள். அம்மாவின் தோளைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். அதற்குப் பிறகு அவள் கால் தரையில் பாவவில்லை. தினமும் விடிந்ததும் கண்ணாடிக்கூடத்துக் காற்றுச்சன்னல்களைத் திறக்கிற முறை சல்லடையுடையது. அக்கா போய்ச் சேரும்போது அவள் ஏற்கெனவே அங்கே இருப்பாள். இரண்டு பேரும் செடிகளுக்கு நடுவில் கைகோத்து நின்று பார்ப்பார்களாம். "பாருங்கக்கா, எப்படி நிக்குது!" என்று சல்லடைதான் முதலில் சொல்வாளாம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

துறைக் கூட்டத்தில் அக்கா எழுந்து பேசினாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கருமூக்கு வேரை ஆழத்துக்கு அனுப்புகிறது, அதனால்தான் நிற்கிறது, வேரைக் கழுவியதும் அதைக் காட்டுகிறேன் என்றாள். கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாள். கடைசியில் பேராசிரியர், "வேரை மட்டும் காட்டிடுங்க. இடம் உங்களுக்குத்தான்" என்றார். முதலில் கைதட்டியவள் சல்லடை.

வேர் கழுவுகிற நாளில் ஆள் பற்றவில்லை. தையல் ஆறி நான் விடுப்பில் சும்மா இருந்ததால் என்னையும் கூட்டிப்போனார்கள். எனக்குத் தண்ணீர்க்குழல் பிடிக்கிற வேலை. சல்லடை வலைத்தட்டைப் பிடித்துக்கொண்டாள். அக்கா முதலில் செத்த வகை ஒன்றைப் பிளந்தாள். வேர் பாதிக் குழாய்வரை போய் நின்றிருந்தது. "பாவம், கொஞ்சம் தாமதம்" என்றாள். பிறகு கருமூக்கு. கத்தியை உறையில் வைக்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மேலே ஒரு சாண் அளவுக்கு வேர் பந்துபோல் சுருண்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் மண். அதைத் தொட்டுப் பார்த்தாள். அடிமண் குளிர்ந்து ஈரமாக, எந்த வேரும் தீண்டாமல் அப்படியே இருந்தது.

"குழாய் மாறிப்போச்சா?" என்று சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். மாறவில்லை. அடுத்ததைப் பிளந்தாள். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். அக்கா மேல்மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிசைந்தாள். செத்த வகையின் மேல்மண் மாவாக உதிர்ந்தது, இது பிடித்தால் பிடித்தபடி நின்றது. மண்ணைப் பற்றி எதுவும் படிக்காத எனக்கே புரிந்துவிட்டது. சாப்பாடு வாசலுக்கே வந்தால் யார் எழுந்து அடுப்படிவரை போவார்கள்?

"இங்க யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க" என்றாள் அக்கா. அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நான்தான் சல்லடையைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. 

"அக்கா..." என்றாள்.

அக்கா திரும்பினாள்.

"நீங்க அழுததைப் பாத்தேன் அக்கா. என்னால தாங்க முடியல. தங்கச்சி வேற அப்படிப் படுத்துக் கிடந்தா. கொஞ்சம்தான் ஊத்தினேன். ஒரு டம்ளர்."

"நான் வந்த பிறகும் ஊத்தினியா?"

"நிறுத்தினா தொங்கிடும்ல அக்கா."

"தினமுமா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். நான் குழலைக் கீழே போட்டுவிட்டு அவளிடம் போனேன். என்ன செய்வதாக இருந்தேன் என்று தெரியவில்லை, அறைந்தேகூட இருப்பேன். அக்கா கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"உனக்குத் தெரியாததா? புட்டியை வாசல்ல வச்சுட்டு வர்றவதானே நீ" என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை. "எங்கூட நின்னு தினமும் பாத்தியேம்மா. எப்படி நிக்குதுன்னு நீதானே சொன்ன."

"உங்களுக்காகத்தான் அக்கா செஞ்சேன்."

"எனக்காக இல்ல. நான் தோத்துடுவேன்னு நீ முடிவு பண்ணிட்ட. அவ்வளவுதான்."

சல்லடை அழுதாள். நன்றாக அழட்டும் என்று நான் நின்றேன். அழுது முடித்துவிட்டு அவள் சொன்னது என்ன தெரியுமா? "என் பேரைச் சொல்லிடாதீங்க அக்கா. என்னைத் துரத்திடுவாங்க."

அக்கா சொல்லவில்லை. கையைக்கூடக் கழுவாமல் பேராசிரியர் அறைக்குப் போய், கருமூக்குக் குழாய்களில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, கூட்டத்தில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னாள். யார் ஊற்றியது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். "என் பொறுப்புல இருந்த கூடம் சார். நான்தான் பதில் சொல்லணும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். வீட்டில் நான் கத்தினேன். "அவளுக்காக நீ ஏன் தலையைக் குடுக்கற?" என்றேன். "அவ செஞ்சது பொய். அதைக் காப்பாத்த நான் ஒண்ணும் சொல்லல. அவளா போய்ச் சொல்லுவா. குடு, கொஞ்சம் நேரம் குடு" என்றாள். நிஜமாகவே அப்படி நம்பினாள். மனதில் எதுவும் தங்காதவள்தானே, எப்படியும் ஒழுகிவிடும் என்று நினைத்தாள்.

ஊர்க்கதையெல்லாம் ஒழுகவிட்டவளுக்கு இது மட்டும் கெட்டியாகத் தங்கியது. துறையில் ஓர் இடம் காலி. கையில் சுத்தமான முடிவோடு இருந்தது சல்லடை ஒருத்திதான், அவளுடைய மண் சோதனையில் ஒரு குறையும் இல்லை. பேராசிரியர் கூப்பிட்டு இடத்தைக் கொடுத்தார். மாட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கிக்கொண்டாள். அவள் ஊற்றிய தண்ணீரை அக்கா எப்படியோ விழுங்கிவிட்டாள், இதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து, "குடுத்துட்டாங்களாம். சரின்னுட்டாளாம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அம்மாவை விளக்கைப் போடக்கூட விடவில்லை.

கூடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. நானும் போனேன். வாசலில் புட்டிகளை வைத்துவிட்டு உள்ளே போனோம். வைக்கத் தேவையே இல்லை, ஆனாலும் அக்கா வைத்தாள். குழாய்களை ஒவ்வொன்றாக வெளியே உருட்டினோம். கதவைச் சாத்தியபோதுதான் மூலையில் அது தெரிந்தது. தூசி படிந்து, கீழ் இலையெல்லாம் உதிர்ந்து, மேலே கையளவு பச்சை. நுனியில் ஒரு காய்கூடத் தொங்கியது.

"ஒப்புக்குச் சப்பாணி" என்றாள் அக்கா.

சீட்டு இல்லாத குழாய். சல்லடை பார்த்திருக்க மாட்டாள், பார்த்திருந்தாலும் இது என்னவென்று தெரிந்திருக்காது. அக்கா கீழே உட்கார்ந்து உறையை மெதுவாகப் பிளந்தாள். மேல்மண் மாவாகக் கொட்டியது. வேர் தடியாக, நேராக, இறங்கிக்கொண்டே போனது. பாதி தாண்டி, முக்கால் தாண்டி, அடியில் போய் மூடியில் முட்டி, அங்கே ஒரு வளையமாகச் சுற்றியிருந்தது. அடியில் ஈரமே இல்லை, அத்தனையையும் குடித்துவிட்டிருந்தது.

"அக்கா, இது போதுமே! வா, அவர்கிட்டக் காட்டலாம்" என்று நான் எழுந்தேன்.

"உக்காரு. ஒண்ணே ஒண்ணு. ஒரு செடியை வச்சுக்கிட்டு எதையும் சொல்ல முடியாது."

"நீ சொன்னது சரிதானே?"

"சரிதான். இனிமே அதை எனக்கு நானே சொல்லிக்க வேண்டியதுதான்."

கதவைத் திறந்துகொண்டு சல்லடை வந்தாள். அடுத்த பருவத்துக்கான சாவி வாங்க வந்திருக்கிறாள், நாங்கள் இருப்போம் என்று எதிர்பார்க்கவில்லை. தரையில் நீளமாகக் கிடந்த வேரைப் பார்த்தாள். பெயர்ச்சீட்டு இல்லாத குழாயைப் பார்த்தாள். படித்தவள் அல்லவா, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 

"பாத்தியா? ஊத்தாமயே நின்னிருக்கும்" என்றாள் அக்கா.

 சல்லடை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அடுத்த பருவம் இதையே போடறேன் அக்கா. உங்க பேரையும் சேத்துப் போடறேன்" என்றாள்.

அக்கா சாவியை அவள் கையில் வைத்தாள்.

"போடு" என்றாள். "தண்ணி மட்டும் ஊத்தாதே."

அக்காவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். எங்கள் தெருமுனை வந்ததும் அவள் நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை கேட்பதைப்போல, "நீயும் நான் தோத்துடுவேன்னுதான் நினைச்சியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. ஒருநாளும் நினைக்கல" என்றேன். அது சத்தியமான வார்த்தை. ஜெயிப்பாள் என்றுதான் நான் கடைசிவரை நினைத்தேன்.

அக்கா என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"நிஜமாவா?" என்றாள்.

இன்றைக்கும் அவள் சமைத்ததை நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் அதே பார்வைதான் பார்க்கிறாள். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அது அவளுக்குத் தெரிய இனி வழி இல்லை.